புதுக் கொப்புளம்

கள்ளக்குறிச்சி ஆண்பிள்ளைகளின் நெஞ்சளவு காசிநாதனுக்குத் தெரிந்ததுபோல் வேறு எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. சங்கராபுரம் சாலையில் சின்னதுரை நடத்திய தையற்கடையில் அளவெடுப்பது அவன் பொறுப்பு. வந்தவரை வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்தி, அக்குளுக்கடியில் நாடாவைச் சுற்றி, "மூச்ச வுடுங்க" என்பான். உடனே அவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அரிசி மண்டிக்காரரும் அப்படித்தான், புதுமாப்பிள்ளையும் அப்படித்தான், காவல் நிலையத்து ஏட்டும் அப்படித்தான். நெஞ்சளவு என்று வந்துவிட்டால் ஆண்கள் எல்லோருமே பொய் சொல்வார்கள் என்பது அவன் நாடா பிடித்துக் கண்டறிந்த உண்மை.

தன்னிடம் மட்டும் அந்தப் பொய் செல்லுபடியாகவில்லை. முதலாளி சாப்பிடப் போகும் மத்தியான வேளைகளில் தன் மேலேயே நாடாவைச் சுற்றிப் பார்ப்பான். முப்பது அங்குலம். கண் பிதுங்க மூச்சை இழுத்தால் முப்பத்தொன்றரை. வனக் காவலர் வேலைக்குச் சும்மா நிற்கும்போதே முப்பத்தொன்று வேண்டும், இழுத்தால் இன்னும் இரண்டு ஏற வேண்டும் என்று சொன்னார்கள். தை பிறந்ததும் அளவெடுப்பு. வயதுக் கணக்கில் இதுவே அவனுக்குக் கடைசி வாய்ப்பு. பத்தாவது தேறியிருந்தான். நடக்கச் சொன்னால் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை வரைக்கும் மூச்சு வாங்காமல் நடப்பான். பேரில் போலீஸ் வழக்கு ஏதும் இருக்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. அதைக் கேட்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. எறும்பு ஏறினால்கூட ஊதித் தள்ளுகிறவன் அவன்.

அது எண்பத்தேழாம் ஆண்டு. தனி இட ஒதுக்கீடு கேட்டுப் புரட்டாசியில் நடந்த சாலை மறியல் முடிந்து இரண்டு மாதம் ஆகியும் ஊர் பழைய ஊராகத் திரும்பவில்லை. மறியலுக்காக வெட்டிச் சாய்த்த புளியமரங்களின் அடிக்கட்டைகள் சாலையோரம் நெடுகிலும் மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தன. வெளி மாவட்டத்துப் போலீஸ் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. யாரை எப்போது வண்டியில் ஏற்றுவார்கள் என்று தெரியாது. யார் போய் யார் பேரைச் சொன்னார்கள் என்பதும் தெரியாது. டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாமவன் வந்ததும் பேச்சு மழையைப் பற்றியதாக மாறிவிடும். ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், ஆனாலும் அப்படித்தான்.

"இருபது பர்சண்டு கேட்டு ரோட்ல மரத்த போட்டாங்க," என்றார் சின்னதுரை, காக்கித் துணியை விரித்து நீவிக்கொண்டே. "குடுக்கறாங்கன்னே வெச்சிக்க. உனுக்கு இன்னா பிரயோசனம்? நெஞ்சு ஒரு இஞ்சு கம்மியா இருக்குதே, அதுக்கு எந்த கவர்மெண்டு ஒதுக்கீடு குடுக்கும்?"

"ஏத்திக்கலாம் மொதலாளி. தேகப்பயிற்சி பண்ணா ஏறுமாம்."

"நீயா? இஸ்திரிப் பொட்டிய ரெண்டு கையால தூக்கறவன்!"

சின்னதுரை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் காசிநாதனின் சட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தேகப்பயிற்சி சாலை தையற்கடைக்குப் பின் சந்தில், கோமுகி ஆற்றுக்குப் போகும் வழியில் இருந்தது. சாலை என்று பெயரே தவிர, ஒரு தகரக் கொட்டகையும் வேலி அடைத்த வெற்றிடமும்தான். சுவரில் ஆஞ்சநேயர் படம். இரண்டு ஜோடி கர்லாக்கட்டை. பால்பவுடர் டப்பாவில் சிமெண்டு ஊற்றி வார்த்த எடைகள். ஒடிந்த மாட்டு வண்டியின் இரும்பு இருசைக் கொண்டுவந்து பளு தூக்கும் கம்பியாக்கியிருந்தார்கள். வெளியே இரண்டு பனங்கட்டைகளுக்கு நடுவே தொங்குகம்பி. அந்த இடத்துக்குத் தலைவன் என்று யாரையும் வைக்கவில்லை; ஆனால் நெல் மண்டியில் மூட்டை சுமக்கும் பாவாடை சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். பாவாடைக்கு நெஞ்சு நாற்பது. காசிநாதனே அளந்திருக்கிறான். அளக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காத ஒரே வாடிக்கையாளன் அவன்.

எதிரே தைலம்மாள் டீக்கடை. கடை விட்டதும் காசிநாதன் அங்கே வந்து உட்காருவான். வேலி இடுக்கு வழியாக உள்ளே பார்ப்பான். வெற்று மார்புகள், எண்ணெய் மின்னும் முதுகுகள், கர்லாக்கட்டை தலையைச் சுற்றி வரும்போது கிளம்பும் 'உம்' என்ற சத்தம். அங்கே போனால் முதலில் சட்டையைக் கழற்ற வேண்டும். விலாவெலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வணக்கம் சொல்லும். அவ்வளவு பேரும் செய்வதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். யாராவது ஒருவன் முதலில் சிரிப்பான். அதற்குப் பின் நடப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்னொரு டீ சொல்லிவிடுவான்.

"இன்னா தம்பி, உள்ள போறியா, இல்ல என் கடைய வெலைக்கு வாங்கப் போறியா?" என்றாள் தைலம்மாள்.

"சும்மா பாத்துக்கினு இருக்கறன்க்கா."

"பாத்தா ஒடம்பு ஏறுமா? நான்கூடத்தான் தெனம் பாக்கறன். டீ ஆத்துற கைதான் வலிக்குது."

அன்று ஏட்டு சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து அவன் தோளில் கை போட்டார். "இன்னா டெய்லரே, நம்ம பேண்டு ஆச்சா? இடுப்புல கொஞ்சம் தாராளமா வுடுப்பா. பந்தோபஸ்துல நின்னு நின்னு வவுறு உப்பிப் போச்சி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கர்லாக்கட்டை பாதிச் சுற்றில் நின்றதைக் காசிநாதன் கவனித்தான். பாவாடையும், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சுபாஷும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டின் கைக்கு அடியில் தன் தோளெலும்பு எப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று அவன் நினைத்தான். தோளைக் குறுக்கிக்கொண்டான்.

கல்வராயன் மலையில் ஒரு கேளையாடு இருந்ததாம். பேர்தான் ஆடு, உண்மையில் சிறு மான். தன் கால்கள் குச்சி குச்சியாக இருப்பதில் அதற்கு வெட்கம். மற்ற விலங்குகள் தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகே சுனைக்கு வரும். அதுவரையில் புதருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். காட்டுப்பன்றியும் முயலும் அதைப் பார்த்தன. 'இது ஏன் நம்மோடு வராமல் ஒளிந்து நின்று பார்க்கிறது? நாம் எப்போது வருகிறோம், எப்போது போகிறோம் என்று புலியிடம் போய்ச் சொல்லத்தான்' என்று பேசிக்கொண்டன. கேளையாடு தலையை நீட்டினால் அவை ஓடும். அவை ஓடுவதைப் பார்த்து, 'என் காலைக் கண்டு அருவருத்து ஓடுகின்றன' என்று கேளையாடு இன்னும் உள்ளே ஒதுங்கும். கடைசியில் யாருமே வயிறாரத் தண்ணீர் குடிக்கவில்லையாம். இத்தனைக்கும் அந்த மலையில் அப்போது புலியே இல்லை.

கள்ளக்குறிச்சியில் புலி இருந்தது. அதன் சீருடையைத்தான் காசிநாதன் தைத்துக்கொண்டிருந்தான். இது அவனுக்குத் தோன்றவே இல்லை.

கார்த்திகை பிறந்ததும் தேங்காய் ஒன்றை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிப்பவனைப் போல அவன் உள்ளே போய்விட்டான். உள்ளே ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவன் தலையைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"இன்னா டெய்லரே, அளவெடுக்க வந்தியா?" என்றான் பாவாடை.

"சேரலாம்னு வந்தன்."

"யாரு அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பல. நானாத்தான்."

"நானாத்தானாம்ணா," என்றான் சுபாஷ் பாவாடையிடம். "ஊர்ல எல்லாரும் நானாத்தான் வராங்க."

ஆஞ்சநேயருக்குத் தேங்காய் கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே வழக்கம். பாவாடை தேங்காயை வாங்கிச் சுற்றிப் பார்த்தான். அதற்குள் ஏதாவது ஒளித்திருக்குமோ என்று பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு உடைத்தான். "சட்டைய கழட்டி ஆணியில மாட்டிட்டு, தரைய தொட்டுக் கும்புட்டுக்கினு ஆரம்பி."

சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சட்டை. காலி ஆணி ஒன்றுகூட இல்லை. அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"சட்ட இருக்கட்டும்ணா. நெஞ்சுச் சளி. காத்து பட்டா சேராது."

பாவாடையும் சுபாஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று முதல் காசிநாதன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டையோடு தண்டாலும் பஸ்கியும் எடுத்தான். சட்டை முதுகில் ஒட்டிப் பிடுங்கும். அவன் வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும். சந்து முனை திரும்பும்போது பின்னால் அவர்கள் குரல் எழுவது கேட்கும். 'என் எலும்பை எண்ணுகிறார்கள்' என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பான். நாளைக்கு வரக் கூடாது என்று தீர்மானிப்பான். மறுநாள் மத்தியானம் நாடாவைச் சுற்றிப் பார்ப்பான், சாயங்காலம் போய்விடுவான்.

ஒருநாள் பகல் முழுக்க மூடியிருந்த வானம் சாயங்காலம் உடைந்தது. மலைப்பக்கம் கண்ணுக்கே தெரியவில்லை. தைலம்மாள் கடையை அடைத்துவிட்டாள். காசிநாதன் நனைந்துகொண்டே போனபோது கொட்டகையில் ஒருவரும் இல்லை. ஆணிகள் எல்லாம் காலி. அவன் சற்று நேரம் ஆஞ்சநேயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டையைக் கழற்றினான்.

மழை நேரே நெஞ்சில் விழுந்தது. இதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத தொங்குகம்பியை எட்டிப் பிடித்தான். தொங்கினான். வழுக்கி விழுந்தான். மறுபடி பிடித்தான். முழங்கை மடங்கவில்லை, கால்தான் தண்ணீரில் விழுந்த தவளைபோல் உதைத்தது. சிரிப்பதற்கு ஆள் இல்லாததால் அவனே சிரித்தான். இருட்டிக்கொண்டு வரும்வரைக்கும் தொங்குவதும் விழுவதுமாக இருந்தான். ஒரே ஒரு தடவை நெற்றி கம்பியைத் தொட்டது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போன நாள் வேறு இல்லை.

அதே மழையில், ரிஷிவந்தியம் போகும் சாலையில் யாரோ ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஊரெல்லாம் அதே பேச்சு. கடையில் கிழிசல் தைக்க வந்த மராமத்துத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்த காசிநாதனின் கையில் ஒரு சட்டை அகப்பட்டது. பாவாடையின் மனைவி ராணியம்மாள் காலையில் கொண்டுவந்து சின்னதுரையிடம் போட்டுவிட்டுப் போனதாம். நாற்பது அங்குலச் சட்டை, அவனே தைத்தது. தோளில் கிளை இழுத்த கிழிசல். மார்பில் புளியம்பட்டைக் கறை. பையைத் தடவினால் உள்ளே ஈரச் சிராய்கள்.

கடைக்கு வெளியே நிலையத்துக் காவலர் ஒருவர் சீருடைக்காக நின்றுகொண்டிருந்தார். காசிநாதன் சிராய்களை இஸ்திரிப் பெட்டியின் கனலுக்குள் போட்டு மூடினான். புளிய வாடை லேசாகப் புகைந்தது. பிறகு கிழிசலைத் தைத்தான். கறை இருந்த இடத்தில் துணியை உள்ளே தள்ளி மடித்து, மேலே ஒரு பை வைத்துத் தைத்துவிட்டான். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

வீட்டில் மனைவி செவ்வந்தி அவன் களியை மூன்று விரலால் கிள்ளித் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் கரும்புத் தோட்டத்தில் சோகை உரித்துவிட்டு வந்தவள். அவன் அத்தை மகள்தான். ஆகையால் அவனை அளக்க அவளுக்கு நாடா தேவையில்லை.

"கைய காட்டு மாமா."

"கையில இன்னா? ஒண்ணியும் இல்ல. மிசின் புடிச்சது."

"காட்டுன்னா காட்டு."

அவளே பிடித்துத் திருப்பினாள். விரல்களின் அடியில் வரிசையாகக் கொப்புளங்கள். இரண்டு உடைந்து சிவந்திருந்தன. அவள் முகம் மாறியது.

"நேத்து மழையில எங்க போன?"

"சொன்னனே. கடையில மாட்டிக்கினன்."

"உங்க மொதலாளி மழைக்கு முன்னாடியே கடைய சாத்திட்டு எங்க தோட்டத்து வழியா குடையப் புடிச்சிக்கினு போனாரு. யாருகிட்ட கத சொல்ற? மரம் வெட்டப் போனியா?"

"நானா? மரமா?"

"ஊர்ல போலீசு இன்னா பண்ணுது தெரியுமா? பஸ்ஸ நிறுத்தி கைய பாக்குதாம். எங்க கையெல்லாம் காச்சிப் போன கை. எங்கள பாத்துட்டு வுட்டுடறான். மெத்துன்னு இருக்கற கையில புதுக் கொப்புளம் இருந்தா அவனத்தான் ஏத்தறானாம். அருவாளப் புடிக்காதவன் கோடாலியப் புடிச்சா அப்பிடித்தானே ஆவும்? உன் பேர்ல கேசு வந்தா ஃபாரஸ்டு வேல போச்சி, தெரியுதா? உனுக்கு இதவுட்டா வேற சான்சு இல்லன்னு நீதான சொன்ன?"

கடைசியில் எல்லாவற்றையும் சொன்னான். தேங்காய், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வது, பேச்சு நின்றுவிடுவது, மழையில் தனியாகத் தொங்கியது. மராமத்துச் சட்டையை மட்டும் சொல்லவில்லை.

செவ்வந்தி நம்பவில்லை என்பது அவள் புருவத்தில் தெரிந்தது. "சட்டையோடவா எக்சசைசு பண்ற?"

"கழட்டுனா சிரிப்பாங்க."

"யாருனா சிரிச்சாங்களா?"

"இல்ல. மொறச்சிப் பாக்கறாங்க. நான் போனா பேச்ச நிறுத்திடறாங்க. நான் வெளிய வந்ததும் பேசறாங்க."

அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "யோவ், உன் நெஞ்ச எவன்யா பாக்கறான்? நீ போலீசுக்கு காக்கி தெக்கறவன். ஏட்டு உன் தோள்ல கையப் போட்டுக்கினு பேசறாரு. அப்பறம் நீ தேங்காய எடுத்துக்கினு உள்ள போற. சட்டையக் கழட்டமாட்டன்ற. மூலையில நின்னுக்கினு காத தீட்டிக்கினு இருக்கற. உன்ன அவங்க இன்னான்னு நெனப்பாங்க?"

"இன்னான்னு?"

"போலீசுக்கு துப்பு சொல்றவன்னு! அவங்க உன்னப் பாத்து பயந்துக்கினு இருக்கறாங்கய்யா."

காசிநாதன் வாயைப் பிளந்தான். நாற்பது அங்குல நெஞ்சுக்காரன் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறான் என்பது அவனுக்கு எட்டுவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் அப்படியே உறைந்தது. உளவுக்காரன் என்று நினைத்துவிட்டவனை அந்தக் காலத்தில் ஊர் என்ன செய்தது என்பது அவனுக்குத் தெரியும்.

"நாளையிலருந்து போவாத," என்றாள் அவள்.

"நின்னுட்டா இன்னும் சந்தேகமாவும்."

"போனா?"

அவன் கையை அவள் பக்கம் நீட்டினான். கொப்புளத்தில் அவள் விளக்கெண்ணெய் தடவினாள். தடவும்போதுகூட அது கோடாலிக் கொப்புளமா கம்பிக் கொப்புளமா என்று விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவன் பயந்தது மறுநாளே நடந்தது. கடையை விட்டுச் சந்துக்குத் திரும்பும் முனையில் ஜீப் நின்றது. வெளியூரிலிருந்து வந்திருந்த எஸ்.ஐ. போகிறவர் வருகிறவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிநாதனின் கையைத் திருப்பியவர் விடவில்லை.

"என்ன வேலை?"

"டெய்லர்ங்க."

"ஊசி குத்தி இத்தனை கொப்புளமா?"

"தேகப்பயிற்சிங்க. தொங்குகம்பிங்க. இங்கதான், சந்துல."

"பாத்துடலாம். ஏறு."

ஜீப் சந்துக்குள் நுழைந்ததும் தைலம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். கொட்டகைக்குள் பேச்சு நின்றது. ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியவன் காசிநாதன். பாவாடையின் பார்வை அவன் மேல் விழுந்தது. 'நினைத்தது சரிதான்' என்று சொல்லும் பார்வை. இந்தத் தடவை காசிநாதனுக்கு அது புரிந்தது.

"இவன் இங்க வர்றவனா?" என்றார் எஸ்.ஐ.

பாவாடை கர்லாக்கட்டையைக் கீழே வைத்தான். "வருவாருங்க. கொஞ்ச நாளா. சட்டையக் கழட்டமாட்டாருங்க."

எஸ்.ஐ. மெல்லத் திரும்பினார். "சட்டையைக் கழட்டாம எவன்டா தேகப்பயிற்சி செய்வான்? முதுகுல லத்தித் தழும்பு இருக்கா? கழட்டு."

காசிநாதனின் விரல்கள் பொத்தான்களில் தடுமாறின. எத்தனையோ ஆயிரம் பொத்தான் தைத்த விரல்கள். ஐந்தைக் கழற்றத் தெரியவில்லை. சட்டை வந்தது. விலாவெலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொட்டகையில் இருந்தவர்கள், காவலர்கள், வேலிக்கு வெளியே தைலம்மாள், அத்தனை பேரும் பார்த்தார்கள். இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தார்கள். அவன் எத்தனை மாலைகளில் பயந்து பயந்து கற்பனை செய்திருந்தானோ அப்படியே இருந்தது. ஆனாலும் தரை பிளக்கவில்லை.

முதுகில் தழும்பு இல்லை. எஸ்.ஐ. சட்டையைத் தரையில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"முந்தாநாள் சாயங்காலம், மழையில, நீ எங்க இருந்தே?"

"இங்கதாங்க."

"உன்கூட யார் யார் இருந்தாங்க? யோசிச்சுச் சொல்லு. உண்மையைச் சொன்னா உன்னை இங்கேயே விட்டுட்டுப் போறேன்."

ஆணிகள் எல்லாம் காலியாக இருந்த அந்தக் கொட்டகை காசிநாதனின் கண்முன் வந்தது. யாரும் இல்லை என்று சொன்னால் போதும். அது உண்மைதான். அவன் வேலைக்கு ஆபத்தில்லை. பாவாடையைப் பார்த்தான். அந்த நாற்பது அங்குல நெஞ்சு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அளவெடுக்கும்போதுகூடப் பிடிக்காத மூச்சு.

"எல்லாரும் இருந்தாங்க," என்றான் காசிநாதன்.

"எல்லாருமா?"

"எல்லாரும்ங்க. நான் கம்பியில தொங்க முடியாம வுழுந்து வுழுந்து எந்திரிச்சன். தவள மாதிரி காலு ஒதச்சிக்கினன். எல்லாரும் சுத்தி நின்னு சிரிச்சாங்க. எனுக்கு வெக்கமாப் போச்சி. இன்னோரு தடவ, இன்னோரு தடவன்னு பண்ணி, அதுலதாங்க இப்பிடி கையி..."

எஸ்.ஐ. பாவாடையைப் பார்த்தார். "சிரிச்சீங்களா?"

பாவாடை பிடித்திருந்த மூச்சை விட்டான். "சிரிச்சோம்ங்க," என்றான். "தப்புத்தாங்க. புதுசா வந்தவரப் பாத்து சிரிக்கக் கூடாது."

"எங்க, தொங்கிக் காட்டு."

காசிநாதன் கம்பியைப் பிடித்தான். உடைந்த கொப்புளங்கள் எரிந்தன. இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கால்கள் உதைத்தன, உடம்பு பாம்பாக நெளிந்தது. நெற்றி கம்பிக்கு வருவதற்குள் கை விட்டுப்போய்ச் சேற்றில் குப்புற விழுந்தான்.

ஒரு காவலர்தான் முதலில் சிரித்தார். பிறகு எஸ்.ஐ. சிரித்தார். "இவனா மரத்தை வெட்டினான்? கத்தரிச்செடியைப் புடுங்கக்கூட ரெண்டு பேரைத் துணைக்குக் கூப்பிடுவான்யா. வண்டியை எடு." தைலம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தனை நாளும் அவன் எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒளிந்தானோ அது வந்தேவிட்டது. வந்து, ஜீப்பைத் திருப்பி அனுப்பியது.

கொட்டகைக்குள் இருந்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஜீப்பின் சத்தம் சந்து முனையில் ஓய்ந்ததும் பாவாடை குனிந்து, தரையில் கிடந்த சட்டையை எடுத்து உதறினான். ஒட்டியிருந்த சேற்றை விரலால் சுரண்டினான். சந்தேகம் அவ்வளவு சீக்கிரத்தில் விட்டுப்போகிற சரக்கா?

"டெய்லரே," என்றான் கடைசியில். "எங்கூட்டுக்காரி ஒரு சட்ட குடுத்தாளாமே. எனுக்குத் தெரியாம."

"தெச்சிட்டன்."

"எப்போ?"

"அன்னிக்கே. கறை போவல. மடிச்சி உள்ள தள்ளிட்டு மேல ஒரு பையி வெச்சிருக்கறன். பைக்குள்ள இருந்தத இஸ்திரிப் பொட்டியில போட்டுட்டன். வந்து வாங்கிக்க."

சுபாஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவரில் காலி ஆணி இல்லை. பாவாடை தன் ஆணிக்குப் போய், தன் சட்டையின் மேலேயே காசிநாதனின் சட்டையை மாட்டினான்.

வீட்டில் செவ்வந்தி நாடாவை எடுத்து அவன் மேல் சுற்றினாள். நடந்ததையெல்லாம் தைலம்மாள் அவளிடம் அதற்குள் சொல்லியாயிற்று. தவளைக் காலை நடித்தே காட்டினாளாம்.

"முப்பதர," என்றாள் செவ்வந்தி. "அர இஞ்சு ஏறியிருக்குது."

"நீ தளத்திப் புடிக்கற."

"இறுக்கித்தான் புடிக்கறன். நீ மூச்சப் புடிச்சிக்கினு இருக்கற."

"டெய்லருகிட்டயேவா?"

"டெய்லருதான பொய் சொன்னான்," என்றாள் அவள். "அதுவும் போலீசுகிட்ட." நாடாவை உருவிவிட்டு மறுபடி சுற்றினாள். மறுபடியும் முப்பதரைதான். தைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மேகம் விலகி, மலை நீலமாகத் தெரிந்தது. காசிநாதன் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே நடந்தான். கொட்டகைக்குள்ளிருந்து பாவாடையின் குரல் கேட்டது. மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, யார் கயிற்றைப் பிடித்தது, சுபாஷ் எந்த வரப்பில் வழுக்கி விழுந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நிழல் ஒன்று வாசலில் விழுவதைக் கண்டு சுபாஷ் சட்டென்று கையைத் தூக்கினான்.

"நம்ம டெய்லருதான்டா," என்றான் பாவாடை, கர்லாக்கட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டே.

காசிநாதன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தரையைத் தொட்டுக் கும்பிட்டான். பேச்சு நிற்கவில்லை.